பல், கல், தெரியலை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த ரயில்வே வரிசை வீடுகளில் எந்தச் சண்டையும் முற்றிப் போனதில்லை. கோழி யாருடையது, கொடியில் காய்ந்த வேட்டியை எடுத்தது யார், கல்யாணப் பேச்சில் வார்த்தை தவறியது எந்தப் பக்கம் என்று குரல்கள் ஏறிக்கொண்டே போகும். அப்போது யாராவது ஒருவர், "விடுலா, டூலாங் அத்தையக் கேட்டுக்கலாம்" என்பார். இரண்டு பக்கமும் அடங்கிவிடும்.

அத்தை ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வருவார். நின்றபடியே கேட்பார். கோழி வேலியைத் தாண்டியதைத் தாம் பார்த்திருந்தால் அதை மட்டும் சொல்வார். அதற்கு மேல் கேட்டால், "தெரியல" என்பார். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வெட்கமே கிடையாது. நான் பார்த்த பெரியவர்களில் அப்படி வேறு ஒருவரும் இல்லை. என் பள்ளிக்கூடத்திலும் இல்லை.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்பு சுங்கை பீசி பக்கத்து ஈயச் சுரங்கங்களில் சீனப் பெண்களோடு சேர்ந்து டூலாங் கழுவியவர் அவர். டூலாங் என்பது அகலமான மரத்தட்டு. ஓடையில் இடுப்பை வளைத்துக் குனிந்து நின்று, தட்டில் மண்ணையும் தண்ணீரையும் அள்ளிச் சுழற்ற வேண்டும். லேசான மண் விளிம்பைத் தாண்டி ஓடிவிடும். கனமான ஈய மணல் நடுவில் கறுப்பாகத் தங்கும். ரயில்வேயில் வேலை பார்த்த மாமாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்த பிறகும் அந்தத் தட்டை அவர் விடவில்லை. சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். எங்கள் அம்மா அரிசியில் கல் அதிகமாக இருந்தால் அவரிடம் கொடுத்து அனுப்புவார். அரிசி திரும்பி வரும்போது ஒரு கல்கூட இருக்காது. "இதுல கல்லு இல்ல" என்று அவர் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு உலையில் போடலாம்.

அந்தத் தட்டுக்கு மறுபடியும் வேலை வந்தது ஒரு வெள்ளைக்காரப் பல் டாக்டரால். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வரிசைக்குப் பின்னால் மேட்டில், ஓர் ஓடைக்கரையில் அவருடைய பங்களா இருந்தது. ரவாங் போகும் வழியில் உள்ள சுண்ணாம்புக் குன்று ஒன்றின் குகையிலிருந்து மண்ணைத் தோண்டி, சாக்குச் சாக்காக ரயிலில் கொண்டுவந்து பின்கட்டில் அடுக்கியிருந்தார். அந்த மண்ணுக்குள் பல் இருக்கிறது என்று சொன்னார். மனிதப் பல் இல்லை. மூஞ்சூறு, வௌவால், காட்டெலி இவற்றின் பல். எள்ளளவு, சில எள்ளில் பாதி.

எங்கள் வரிசையில் சிரிக்காதவர்கள் இல்லை. "உசிரோட இருக்கிறவன் பல்லையெல்லாம் புடுங்கி முடிச்சிட்டாரு துரை. இப்ப செத்த எலியத் தேடிக் கெளம்பிட்டாரு" என்று என் அண்ணன் சொன்னான். டூலாங் கழுவத் தெரிந்த ஆள் வேண்டும் என்று டாக்டர் விசாரித்தபோது, சிரித்தவர்களே அத்தை வீட்டைக் காட்டினார்கள்.

முதல் சனிக்கிழமையே ஒரு பெரிய தவறு நடந்தது. அத்தை சாக்கைக் கொட்டினார், கழுவினார், சுழற்றினார். நடுவில் கறுப்பாக ஒரு பிடி மணல் தங்கியது. பெருமையாக டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எல்லாம் இரும்புக்கல் பொடி. பல் ஒன்றுகூட இல்லை. குகை மண்ணில் பல்லே இல்லை போலும் என்று அவர் சோர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை ஓடையில் இறங்கினார். கொஞ்ச தூரம் கீழே நடந்து, தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒரு தட்டு மணலை அள்ளி மெதுவாக அலசினார். திரும்பி வந்து டாக்டர் முன்னால் நின்றார்.

"பல்லு இருந்திச்சு துரை. நான்தான் தண்ணியோட விட்டுட்டேன். ஈயத்துக்குப் பழகின கை இது. பல்லுக்கு அவ்வளவு கனம் இல்ல."

அவர் நாக்கு நுனியில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நெடுங்காலம் மண்ணில் கிடந்த பல்லின் வேர் நாக்கில் ஒட்டும், கல் வழுக்கிவிடும் என்று டாக்டர் அன்று காலைதான் சொல்லியிருந்தார். சாக்கு மண் பாதி போய்விட்டதே என்று அவர் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அத்தையின் நாக்கிலிருந்த பல்லை ஊசி நுனியால் எடுத்து, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் பஞ்சில் வைத்தார்.

அதற்குப் பிறகு அத்தை கையை மாற்றிக்கொண்டார். சுழற்றுவதில்லை, ஆட்டுவது. தங்கியதை வெயிலில் உலர்த்தி, வெள்ளைத் துணியில் பரப்பி, துடைப்பக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பிரிப்பார். பக்கத்தில் மூன்று கொட்டாங்குச்சிகள் இருக்கும். ஒன்று பல்லுக்கு, ஒன்று கல்லுக்கு, மூன்றாவது தெரியாததற்கு. முதலில் நிறைவது எப்போதும் மூன்றாவதுதான்.

நான் அங்கே போனதற்குக் காரணம் என் இங்கிலீஷ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அக்கா போகவில்லை, அண்ணன் போகவில்லை. அப்பா இறந்த பிறகு அண்ணன் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தான். டாக்டரும் அத்தையும் சந்தைப் பேச்சான பாசார் மலாயில் பேசிக்கொள்வார்கள். தண்ணீர், சாக்கு, வெயில், தேநீர் எல்லாவற்றுக்கும் அது போதும். ஆனால் ஏன் இந்தப் பல்லைத் தேடுகிறேன் என்று டாக்டர் சொல்லத் தொடங்கினால், நாலு வார்த்தையில் மலாய் தீர்ந்துவிடும். அப்போதுதான் அத்தை, "எங்க வரிசையில ஒரு பொண்ணு இங்கிலீஷ் ஸ்கூல்ல படிக்குது. அதக் கூட்டியாரேன்" என்றாராம். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட பாவாடையோடு நான் அந்த மேடு ஏறியதை நினைத்தால் இப்போதும் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது.

டாக்டர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். பஞ்சுக்குள் சுண்ணச்சாந்தில் வார்த்த ஒரு தாடை. என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அவர்கள் நாட்டில் ஒரு கல் குவாரியில் கிடைத்ததன் நகல் என்றார். பூதாகாரமான பல்லிகள் உலகத்தை ஆண்ட காலத்தில், அவற்றின் காலுக்கடியில் எலியைவிடச் சிறிய பிராணிகள் பயந்து பயந்து வாழ்ந்தன. உலகத்தில் முதன்முதலில் குட்டிக்குப் பால் கொடுத்தவை அவைதான். அவற்றை முழுதாகப் பார்த்தவர் யாரும் இல்லை. உடம்பிலேயே கெட்டியானது பல் என்பதால் பல்லும் தாடையும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

"அதைத் தேடுறாரா இந்த மண்ணுல?" என்று அத்தை கேட்டார்.

இல்லை, இந்தக் குகை மண் அவ்வளவு பழையதில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் மூஞ்சூறின் பல் இன்றைக்கும் கிட்டத்தட்ட அந்தப் பழைய மாதிரியிலேயே இருக்கிறது. அதைப் பார்த்தால் இதைப் புரிந்துகொள்ளலாம்.

"பிள்ளையார் வாகனத்துக்கா இத்தனை பாடு!"

நான் மொழிபெயர்த்தேன். யானைமுகச் சாமி மூஞ்சூறின் மேல் ஏறிப் போவதைச் சொன்னதும் டாக்டர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "ஆகப் பெரியதை ஆகச் சிறியதன் மேல் உட்கார வைத்திருக்கிறீர்கள்! உங்கள் முன்னோர் இந்தத் தாடையைப் பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

அவர் சொன்னதெல்லாம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பல்லிக்கும் முதலைக்கும் வாய் நிறைய ஒரே மாதிரிப் பல். வெறும் கூம்பு. பிடிக்கும், கிழிக்கும், அவ்வளவுதான். விழும், முளைக்கும், மறுபடியும் விழும். ஆயுசு முழுக்க இதே கதை. மேல்பல் எது, அதற்கு நேர் கீழ்ப்பல் எது என்ற கணக்கே அவற்றுக்கு இல்லை. பால் குடிக்கும் பிராணிக்கு அப்படியில்லை. குட்டி பிறந்தவுடன் கடிக்க வேண்டிய அவசியம் இல்லை. தாய்ப்பாலில் தாடை நிதானமாக வளர்கிறது. பிறகு வரும் பல்லுக்கு ஒரே ஒரு முறைதான் மாற்று. அதனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றுக்கொன்று அளவெடுத்ததுபோல் பொருந்த முடிகிறது.

ஒற்றைக் கூம்பு எப்படி மாறியது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை இருந்தது. டாக்டர் நம்பியது இது: முதலில் ஒரு முனை. பிறகு அதற்கு முன்னும் பின்னும் இரண்டு சின்ன முனைகள், ஒரே கோட்டில். பிறகு அவை ஒதுங்கி ஒரு முக்கோணம். மேல்பல்லில் முக்கோணம் ஒரு பக்கம் பார்க்கும், கீழ்ப்பல்லில் மறுபக்கம் பார்க்கும். வாயை மூடும்போது கத்தரிக்கோல்போல் உரசிக்கொண்டு போகும். கடைசியில் கீழ்ப்பல்லின் பின்னால் ஒரு குழி உண்டாகிறது. மேல்பல்லின் முனை வந்து அந்தக் குழிக்குள் உட்கார்ந்து அரைக்கிறது.

இதை நான் வியர்க்க வியர்க்கத் தமிழில் சொல்லி முடித்தேன். அத்தை இரண்டு விநாடி யோசித்தார்.

"குழி ஆட்டுக்கல்லு, முனை குழவி. இதுக்கா இவ்வளவு இங்கிலீஷு?"

கடைசி வாக்கியத்தை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆனால் வேறொன்று அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. அன்று மேட்டிலிருந்து இறங்கும்போது திடீரென்று நின்றார். "அப்போ பாலு குடுத்த பின்னாடிதான் பல்லு ஒழுங்கா வந்திச்சா?"

"அப்படித்தான் சொல்றாரு அத்தை."

"நெசமாவா?"

"அவரு நம்புறாரு."

"அப்ப சரி" என்றார். அவர் அதை எந்தக் கொட்டாங்குச்சியில் போட்டுக்கொண்டார் என்று எனக்கு விளங்கியது.

அவருக்கும் தவறியதுண்டு. ஒரு சனிக்கிழமை ஒரு துணுக்கைக் கல் என்று ஒதுக்கியிருந்தார். இரவு படுத்தவருக்கு அது உறுத்தியிருக்கிறது. மறுநாள் கொட்டுகிற மழையில், வாழை இலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மேடு ஏறியிருக்கிறார். டாக்டர் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தாராம். வாசலில் சொட்டச் சொட்ட நின்று, "துரை, நேத்து நான் கல்லுன்னு சொன்னது பல்லா இருக்கலாம்" என்று மலாயில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். இதைக் கேட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "எள்ளுல பாதி. அதுக்கு இந்த மழையில போவணுமா?" அத்தை தலையைத் துவட்டிக்கொண்டே, "சொன்னது நான்தானே?" என்றார்.

எங்கள் வரிசையின் பேச்சிலும் அது கலந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண் இந்தப் பையனோடு பேசுகிறாள் என்று யாராவது கிசுகிசுத்தால், "அதத் தெரியாத கொட்டாங்குச்சியில போடு" என்று அடக்குவார்கள். அவரைக் கேலி செய்தவர்கள்தான் முதலில் அப்படிப் பேசத் தொடங்கினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் கிள்ளானிலிருந்து செய்தி வந்தது. அங்கே கட்டிக்கொடுத்திருந்த என் சரசு அக்காவின் பெண் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது. மேல்பல் முதலில்.

மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. தாய்மாமன் என்றால் என் அண்ணன். அம்மாவுக்கு ஒரே ஆண் பிள்ளை, வீட்டுக்கு ஒரே சம்பாத்தியம். செய்தி வந்த அடுத்த வாரமே எஞ்சின் அடுப்பின் கதவு பட்டு அண்ணனுக்கு முழங்கை வரை வெந்துபோனது. அவன் கட்டுப்போட்ட கையோடு திண்டாடிக்கொண்டே, "மருமவ கடிச்சா மாமன் கை வேவுமா?" என்று சிரித்தான். ஆனால் கிள்ளானுக்குப் போகலாமா என்று நான் கேட்டபோது, "அம்மா சொல்லட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் படித்ததையெல்லாம் அம்மாவிடம் கொட்டினேன். பல்லி, முதலை, பால், முக்கோணம். மேல்பல் முந்துவதும் கீழ்ப்பல் முந்துவதும் தற்செயல் என்றேன். அம்மா கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினார்.

"பல்லிக்குத் தாய்மாமன் இருக்கானா?"

"இல்ல."

"அப்ப சும்மா இரு."

பிறகு இன்னொரு செய்தி வந்தது. அக்காவின் மாமியார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் குழந்தை இல்லை. குழந்தையை அவர்களுக்குத் தத்துக் கொடுத்துவிட்டால் அது வேறு வீட்டுப் பிள்ளையாகிவிடும், என் அண்ணன் அதற்குத் தாய்மாமன் இல்லை, தோஷமும் இல்லை. முதல் பேரன் வேண்டும் என்றிருந்த மாமியாருக்கு அந்தப் பெண் பிள்ளை மேல் பெரிய பற்றும் இல்லை. அம்மா அன்று முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

தத்துக் கொடுக்கக் குறித்த நாளில், கிள்ளானுக்குக் கிளம்பும்போது அம்மா டூலாங் அத்தையின் வீட்டு வாசலில் போய் நின்றார். "நீயும் வா தாயி. கீழ்ப்பல்லும் இருக்குதான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லு. ரெண்டும் இருந்தா எது முந்தின்னு யாரு கண்டா? மத்தவங்க சொன்னா அவ மாமியா ஒத்துக்க மாட்டா. நீ சொன்னா நானும் ஒத்துக்குவேன், அவளும் ஒத்துக்குவா."

"இல்லன்னா இல்லன்னுதான் சொல்லுவேன்" என்றார் அத்தை.

"அதுக்குத்தான் உன்னைக் கூப்புடுறேன்."

அம்மா, அண்ணன், அத்தை, நான். ரயிலில் நால்வரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். அண்ணன் தனக்குத் தெரிந்த எஞ்சின்காரர்களுக்குக் கை காட்டவும் எழுந்திருக்கவில்லை.

கிள்ளானில் அக்காவின் வீட்டில் பாய் விரித்திருந்தார்கள். சுவெட்டன்ஹாமிலிருந்து வந்த கணவனும் மனைவியும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் மடியில் ஒரு புதுச் சட்டை இருந்தது. இளம் மஞ்சள் நிறம், கழுத்தில் கையால் போட்ட பூ வேலை. அதன் மேல் குழந்தைக்கு ஒரு ஜோடி வெள்ளித் தண்டை. எங்களைப் பார்த்ததும் அந்த அம்மாள் சங்கடமாகச் சிரித்தார். கெட்டவர்களாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர்கள் அப்படி இல்லை.

சரசு அக்கா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறை நிலைப்படியில் நின்றாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள். அண்ணன் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். குழந்தையின் முகம் பார்க்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார்.

"இவங்கதான் கல்லு பொறுக்குறவங்களா?" என்று மாமியார் கேட்டார்.

"பல்லு பொறுக்குறவ" என்றார் அத்தை. "தண்ணி குடுங்க, கை கழுவணும்."

கையைக் கழுவிவிட்டு அக்காவின் முன்னால் மண்டியிட்டார். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. மேல் ஈறில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. அத்தை ஆள்காட்டி விரலைக் கீழ் ஈறில் வைத்தார். ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து மறு ஓரத்துக்கு. அந்த விரலை நான் எத்தனையோ சனிக்கிழமைகள் பார்த்திருக்கிறேன். ஒரு துணுக்கைத் தொட்டதும் அது நிற்கும். இப்போது நிற்கவில்லை. மறுபடியும் தடவினார். குழந்தை விரலைச் சப்பத் தொடங்கியது. பாலென்று நினைத்துவிட்டது.

அத்தை விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார். எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது. அம்மா மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

"இருக்கு" என்றார் அத்தை.

மாமியார் நம்பவில்லை. "எனக்குத் தட்டுப்படலையே? காலையிலகூடப் பாத்தேனே."

"எள்ளுல பாதி. உங்களுக்கு எப்படித் தட்டுப்படும்?"

"அது சரி. ஆனா சம்பந்தி வரிசை ஆளு நீங்க. அவங்க பக்கத்துக்குத்தானே சொல்லுவீங்க." மாமியார் சுற்றிப் பார்த்தார். கண் என் மேல் நின்றது. "நீ இங்கிலீஷ் படிச்ச பொண்ணு. துரை வீட்டுல பல்லெல்லாம் பாக்குறியாமே. நீ தொட்டுப் பாத்துச் சொல்லு. படிச்ச பிள்ளைங்க பொய் சொல்லாதுங்க."

நான் கை கழுவினேன். குழந்தையின் கீழ் ஈறில் விரல் வைத்தேன். ஈரமாக, சூடாக, வழுவழுப்பாக இருந்தது. ஓரம் முதல் ஓரம் வரை ஒன்றும் இல்லை. நான் அத்தையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணால் ஒரு ஜாடைகூடக் காட்டவில்லை. என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்.

வாசலில் அண்ணனின் கட்டுப்போட்ட கை மட்டும் தெரிந்தது. என் படிப்பு முழுக்க அந்தக் கையில்தான் இருந்தது. அதற்கு ஏதாவது ஆனால்? நான் உண்மையாகவே அந்தத் தோஷத்தை நம்பவில்லையா? அந்த ஒரு கணத்தில் எனக்குத் தெரியவில்லை. குழந்தை என் விரலையும் சப்பியது.

"இருக்கு" என்றேன். "நடுவுல, இடது பக்கமா."

அந்த 'இடது பக்கமா' எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அம்மா தடாலென்று எழுந்தார். அக்காவின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "டேய், இந்தாடா ஒன் மருமவ" என்று அண்ணனிடம் நீட்டினார். அவன் வெந்த கையை ஒதுக்கிக்கொண்டு மற்றக் கையால் வாங்கினான். முதன்முதலாக அதன் முகத்தைப் பார்த்தான். "ஐயோ, அப்பா மூக்கும்மா" என்றான். அதற்குப் பிறகுதான் சரசு அக்கா உரக்க அழுதாள்.

மாமியார் தோற்றதுபோல் காட்டிக்கொள்ளவில்லை. "நல்லதுதான்லா, தோஷம் இல்லாட்டி எதுக்குக் குடுக்கணும்" என்று காப்பி போடப் போனார்.

சுவெட்டன்ஹாம் அம்மாள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. மஞ்சள் சட்டையை மடியில் விரித்து, கையை உள்ளே மடக்கி, பாதியாக மடித்து, இன்னொரு முறை மடித்தார். தண்டையை அதற்குள் வைத்தார். அவர் மடித்து முடிக்கும்வரை டூலாங் அத்தை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பி குடிக்காமல் அத்தை பின்பக்கம் போனார். நானும் போனேன். தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு கையைக் கழுவினார். கழுவியதையே மறுபடியும் கழுவினார்.

"உனக்குத் தட்டுப்பட்டுச்சா?" என்று திரும்பாமல் கேட்டார்.

"இல்ல அத்தை."

"எனக்கும் இல்ல."

இன்னும் ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு அத்தை கையில் ஊற்றிக்கொண்டார்.

"நீ எதுக்குடி எடது பக்கம்னு சொன்னே? இருக்குன்னு சொன்னாப் போதாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டு இருவரும் குனிந்து குனிந்து சிரித்தோம். சிரிப்பு நின்றபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"பாலு குடிக்கிற பிள்ளை. அதோட வாயில கைய விட்டு வழக்குத் தீக்குறோம்" என்றார். பிறகு, "அந்தப் பொம்பளை சட்டை தைக்க எவ்வளவு நாளு உக்காந்திருப்பா?" என்றார்.

நான் குவளையை வாங்கித் தொட்டி விளிம்பில் கவிழ்த்தேன்.

திரும்பும் ரயிலில் அம்மாவும் அண்ணனும் குழந்தையைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். அத்தை ஜன்னலோரம் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். கோலாலம்பூர் நெருங்கும்போது என் பக்கம் சாய்ந்து, "துரைகிட்ட நான் இனிமே வரலேன்னு சொல்லிடு" என்றார்.

"ஏன் அத்தை? இது வேற, அது வேற."

"ரெண்டும் ஒரே கைதான்" என்றார்.

டாக்டரிடம் நான் எவ்வளவோ நாசூக்காகச் சொன்னேன். அவர் நம்பவில்லை; சம்பளம் பற்றாததால் என்று நினைத்துக்கொண்டார். வேறு ஒரு பெண்ணை வைத்தார். அவள் ஒவ்வொரு துணுக்கையும் "பல்லு துரை, பல்லு துரை" என்று உற்சாகமாக நீட்டுவாள். மூன்று கொட்டாங்குச்சிக்கு அவளிடம் வேலையில்லை. சில மாதங்களில் டாக்டர் சாக்குகளை அப்படியே விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டார். அந்த மண்ணை யாரோ வாழைக்கு எருவாகக் கொட்டினார்கள்.

எங்கள் வரிசையில் அடுத்த சண்டை வந்தபோது வழக்கம்போல் அத்தையைக் கூப்பிட்டார்கள். அவர் வாசலுக்கு வந்தார். "வேற யாரையாவது கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள். யாரோ ஏதோ சொல்லிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். கிள்ளானில் உண்மையில் நடந்தது தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். ஒரு பொய்யால் ஒரு குழந்தை அதன் தாயிடம் இருந்தது. வேறொரு பெண் வெறும் மடியோடு ரயிலேறினாள். அத்தை இரண்டையும் சேர்த்தே எண்ணினார். நான் அப்போது ஒன்றை மட்டும்தான் எண்ணினேன்.

மாமாவுக்குக் குளுவாங்குக்கு மாற்றலானது. சாமான்கள் வண்டியில் ஏறிய நாளில் அத்தை என் தலையைத் தடவி, "நல்லாப் படி. எது கேட்டாலும் உடனே சொல்லாத" என்றார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

இப்போது நான் செந்தூலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் எனக்குத் தெரியாததைக் கேட்டால், தெரியவில்லை என்கிறேன். மற்ற ஆசிரியைகளுக்கு அது பிடிப்பதில்லை. ஒரு பெற்றோர் புகார்கூடச் செய்தார். அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை. எஞ்சின் டிரைவராகிவிட்டான், தொந்தி போட்டிருக்கிறது.

போன விடுமுறையில் கிள்ளானுக்குப் போயிருந்தேன். சரசு அக்காவின் மகள் சடை பின்னவிடாமல் ஓடினாள். பிடித்து மடியில் அமர்த்தினேன். அவள் என் மணிக்கட்டைக் கடித்துவிட்டுக் கூடத்தைத் தாண்டி ஓடிவிட்டாள். "கழுதை, சித்தியக் கடிக்கிறியா!" என்று அக்கா சமையலறையிலிருந்து கத்தினாள். நான் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மேல்வரிசை ஒரு வளைவு, கீழ்வரிசை ஒரு வளைவு, சிவந்து சிவந்து நன்றாகப் பதிந்திருந்தன. எது முந்தி வந்தது என்று அந்தத் தடத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.